இசை வட்டில் கணினித் தரவு: மினிடிஸ்க் பதிவுக் கருவிகளின் சேமிப்புத் திறனும் அதன் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சோனி நிறுவனம் 1992ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய மினிடிஸ்க், இசைப் பதிவுக்கென வடிவமைக்கப்பட்ட காந்த-ஒளியியல் வட்டு ஆகும். அதில் பதிவாவது எண்முறைத் தரவே என்பதால், கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் திறனும் அதற்கு இயல்பாகவே இருந்தது. எனினும், கையடக்க இசைப் பதிவுக் கருவி கணினியின் சேமிப்பகமாக இயங்குவதற்கு 2004ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காலத் தாழ்வுக்குத் தொழில்நுட்பக் காரணங்களைவிடப் பதிப்புரிமை சார்ந்த விதிகளே மிகுதியும் காரணமாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விதிகளின் விளைவாகக் களப்பணிப் பதிவுகள் இன்று எதிர்கொள்ளும் இடரையும் அவற்றை மீட்கும் வழிகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: மினிடிஸ்க், எம்டி டேட்டா, நெட்எம்டி, ஹை-எம்டி, அட்ராக், தரவுச் சேமிப்பு, ஒலி ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

வாய்மொழி வழக்காறுகளையும் பேச்சு மொழியையும் ஆராய்வோர்க்கு ஒலிப்பதிவுக் கருவி இன்றியமையாதது. நாடாப் பதிவுக்கும் இன்றைய நினைவக அட்டைப் பதிவுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும், உலகின் பல பகுதிகளில் மொழியியலாளரும் இசையினவியலாளரும் மினிடிஸ்க் கருவியைக் களத்திற்கு எடுத்துச் சென்றனர். கையடக்கமான அளவு, குறைந்த மின்செலவு, பதிந்ததை உடனே பகுத்துப் பெயரிடும் வசதி ஆகியன அதற்குக் காரணங்களாகும். அவ்வாறு பதிவான வட்டுகள் தனியார் கைகளிலும் நிறுவனங்களிலும் இன்னும் உள்ளன. அவற்றிலுள்ள ஒலியைக் கணினிக்குக் கொண்டுவர முற்படுவோர் வியப்பான ஒரு தடையைச் சந்திக்கின்றனர். வட்டில் இருப்பது எண்முறைத் தரவு. கருவியில் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி வாயிலும் இருக்கக்கூடும். ஆயினும் கோப்பை நகலெடுக்க இயலுவதில்லை. இத்தடை எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, அவ்வட்டு இயங்கும் முறையையும் அதனைக் கணினித் தரவுக்குப் பயன்படுத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் முறையாகக் காண வேண்டும்.

வட்டின் அமைப்பும் பதிவு முறையும்

மினிடிஸ்க் 64 மில்லிமீட்டர் விட்டம் உடையது. 72 மில்லிமீட்டர் நீளமும் 68 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட நெகிழி உறைக்குள் அது அடைக்கப்பட்டுள்ளது. பதியும்போது லேசர் கதிர் வட்டின் ஒரு புள்ளியை ஏறத்தாழ 180 பாகை செல்சியசு வரை சூடேற்றுகிறது. கியூரி வெப்பநிலை எனப்படும் இந்நிலையில் அப்புள்ளி தன் பழைய காந்தத்தன்மையை இழக்கிறது. அதே கணத்தில் வட்டின் மறுபக்கத்திலுள்ள காந்தத் தலை ஒரு திசையில் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. புள்ளி குளிரும்போது அத்திசை அதில் நிலைபெறுகிறது. படிக்கும்போது குறைந்த ஆற்றலுடைய லேசர் கதிர் செலுத்தப்படுகிறது. காந்தத் திசைக்கு ஏற்ப, எதிரொளிக்கும் கதிரின் தளவிளைவுக் கோணம் சிறிதளவு மாறுகிறது. இம்மாற்றமே கெர் விளைவு எனப்படும். 0, 1 என்னும் இரு குறிகளும் இதன்வழியே பிரித்தறியப்படுகின்றன.

மேற்கண்ட செயல்முறையில் இசை, எழுத்து, படம் என்னும் வேறுபாடு எங்கும் இல்லை. வேறுபாடு அதற்கு அடுத்த அடுக்கில், அதாவது ஒலியைச் சுருக்கும் முறையில் தோன்றுகிறது. குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 14,11,200 பிட் அளவில் பதிவாகிறது. சிறிய வட்டில் அவ்வளவு தரவுக்கு இடமில்லை. ஆகவே சோனி, அட்ராக் என்னும் சுருக்க முறையை உருவாக்கியது. இம்முறை, மனிதச் செவி உணராத கூறுகளை நீக்கி, ஒலியை நொடிக்கு ஏறத்தாழ 2,92,000 பிட்டாகக் குறைக்கிறது. 512 மாதிரிகள் கொண்ட, ஏறத்தாழ 11.6 மில்லிநொடி நீளமுள்ள ஒலிப்பகுதி ஒவ்வொன்றும் இரு தடங்களுக்கும் சேர்த்து 424 பைட்டாகிறது. இக்கணக்கின்படி 74 நிமிட வட்டு ஒன்று ஏறத்தாழ 162 மெகாபைட் ஒலித்தரவைத் தாங்குகிறது. அக்காலத்தில் கணினியர் பரவலாகப் பயன்படுத்திய நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட் மட்டுமே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

ஒலியாக மாற்றித் தரவைச் சேமித்தல்

கோப்பு எழுதும் வசதி இல்லாத இசைக் கருவியில் கணினித் தரவைச் சேமிக்கும் வழி ஒன்று முன்பே இருந்தது. 1970களிலும் 1980களிலும் வீட்டுக் கணினிகள் நிரல்களை ஒலிநாடாவில் சேமித்தன. 1975இல் உருவான கான்சாசு நகர நெறிமுறை இதற்குத் தக்க சான்றாகும். அது 0 என்பதை 1200 ஹெர்ட்சு ஒலியாகவும் 1 என்பதை 2400 ஹெர்ட்சு ஒலியாகவும் மாற்றி, நொடிக்கு 300 பிட் வேகத்தில் பதிந்தது. இவ்வொலிகள் செவிக்கு நன்கு கேட்கும் எல்லைக்குள் அடங்குவன. ஆதலின் அட்ராக் சுருக்கத்திற்குப் பின்னரும் அவற்றைப் பிரித்தறிய இயலும்.

எனினும் இதன் பயன் மிகக் குறைவு. 74 நிமிடம் என்பது 4,440 நொடி. நொடிக்கு 300 பிட் எனின் மொத்தம் 13,32,000 பிட். அந்நெறிமுறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க, முடிவுக் குறிகளோடு சேர்த்து 11 பிட் தேவை. எனவே முழு வட்டிலும் ஏறத்தாழ 1,21,000 பைட் மட்டுமே சேமிக்க முடியும். வட்டின் உண்மையான கொள்ளளவில் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வேகத்தை உயர்த்தினால் என்ன என்னும் வினா எழலாம். குறுந்தகட்டுத் தரத்திலுள்ள ஒலிக்குறிப்பின் ஒவ்வொரு பிட்டிலும் தரவை நிரப்பி, ஒளியிழை வாயில் வழியே கருவிக்கு அனுப்பினால் பதிவு நிகழும். ஆனால் தரவு மீளாது. அட்ராக் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நீக்கிவிடுகிறது. இசையில் செவிக்குத் தேவையற்ற கூறு என ஒன்று உண்டு. கோப்பில் தேவையற்ற பிட் என ஒன்று இல்லை. ஆகவே தரவுச் சேமிப்புக்குச் சுருக்க அடுக்கைக் கடந்து, வட்டில் நேரடியாக எழுதும் வழி வேண்டும்.

எம்டி டேட்டா: தனித்து வைக்கப்பட்ட தரவு வட்டு

இசைக்கென உருவான சாதனம் கணினிக்கு மாறுவது புதிதன்று. இசைக் குறுந்தகட்டிலிருந்து குறுந்தகட்டுத் தரவு வட்டு தோன்றியது. 1987இல் வெளிவந்த எண்முறை ஒலிநாடாவிலிருந்து, சோனியும் ஹியூலட்-பேக்கார்டும் 1989இல் டிடிஎஸ் என்னும் கணினித் தரவு நாடாவை உருவாக்கின. இம்மாற்றங்களில் பொதுவாகக் காணப்படுவது கூடுதல் பிழைதிருத்த அடுக்கு ஆகும். இசையில் சில மில்லிநொடி ஒலி சிதைந்தால் கருவி அதனை ஊகித்து நிரப்பிவிடும், கேட்போர் அறியார். ஒரு நிரலில் ஒரு பிட் பிறழ்ந்தாலும் அது இயங்காமற் போகலாம். எனவே இடத்தின் ஒரு பகுதியைப் பிழைதிருத்தத்திற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

1993இல் சோனி அறிவித்த எம்டி டேட்டா இவ்வழியையே பின்பற்றியது. இசை வட்டின் ஒரு துண்டத்தில் 2,332 பைட் ஒலிக்கு உரியது. தரவு வட்டின் துண்டத்தில் 2,048 பைட்டே பயனருக்கு உரியது. முன்னர்க் கண்ட 162 மெகாபைட்டை இவ்விகிதத்தில் குறைத்தால் 142 மெகாபைட் கிடைக்கிறது. எம்டி டேட்டாவின் அறிவிக்கப்பட்ட கொள்ளளவாகிய 140 மெகாபைட்டோடு இது ஏறத்தாழ ஒத்துவருகிறது. தரவு வட்டும் இசை வட்டும் பருப்பொருள் நிலையில் எவ்வளவு நெருங்கியவை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஆயினும் பயன்பாட்டில் அவை முற்றிலும் பிரிக்கப்பட்டன. எம்டி டேட்டா இயக்ககம் இசை வட்டை இசைக்கும். அதில் கோப்பை எழுதாது. தரவு வட்டை இசைக் கருவி ஏற்காது. கடைகளில் எளிதில் கிடைத்த மலிவான இசை வட்டு இருக்க, விலை மிகுந்த தரவு வட்டையே பயனர் வாங்க வேண்டியதாயிற்று. படிக்கும் வேகமும் நொடிக்கு 150 கிலோபைட் மட்டுமே. 1990களின் நடுவில் 100 மெகாபைட் சிப் வட்டும், பின்னர் எழுதத்தக்க குறுந்தகடும் பரவியபோது எம்டி டேட்டா கணினித் துறையில் இடம்பெறவில்லை. யமஹா, டாசுகாம் முதலிய நிறுவனங்களின் நான்கு தட இசைப் பதிவுக் கருவிகளில் மட்டும் அது சிறப்பாகப் பயன்பட்டது. தரவுக்கென உருவான வட்டு மீண்டும் இசைக்கே திரும்பியது எனலாம். 1997இல் அறிவிக்கப்பட்ட 650 மெகாபைட் கொண்ட இரண்டாம் தலைமுறை எம்டி டேட்டாவும் 1999இல் வெளிவந்த சோனியின் நிகழ்படக் கருவி ஒன்றைத் தாண்டிப் பெரிதும் பரவவில்லை.

பிரிவினைக்கான காரணம்

இப்பிரிவினையைப் புரிந்துகொள்ள, மினிடிஸ்க் தோன்றிய ஆண்டிலேயே அமெரிக்காவில் இயற்றப்பட்ட வீட்டு ஒலிப்பதிவுச் சட்டத்தைக் காண வேண்டும். 1992 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், எண்முறை இசைப் பதிவுக் கருவிகளில் தொடர்நகல் கட்டுப்பாட்டு முறை இருக்க வேண்டும் என்றது. மூலத்திலிருந்து ஒரு நகல் எடுக்கலாம். அந்நகலிலிருந்து மீண்டும் எண்முறை நகல் எடுக்க இயலாது என்பது அக்கட்டுப்பாட்டின் சாரம். மேலும் கருவிகளின் விலையில் 2 விழுக்காடும் வெற்று வட்டுகளின் விலையில் 3 விழுக்காடும் உரிமத் தொகையாக இசைத்துறைக்குச் செலுத்தப்பட வேண்டும் என்றது. கணினி நிரல்களையும் தரவுத் தொகுப்புகளையும் நகலெடுக்கவே பெரிதும் பயன்படும் சாதனங்களை இச்சட்டம் விலக்கியது.

ஆகவே சட்டத்தின் பார்வையில் இசை வட்டு ஒரு பொருள். தரவு வட்டு வேறொரு பொருள். இரண்டையும் ஒன்றாக்கினால், கட்டுப்பாடுகள் அனைத்தும் சாதாரணக் கோப்பு நகலெடுப்பால் பயனற்றுப் போகும். சோனி 1988இல் சிபிஎசு இசைத்தட்டு நிறுவனத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. பதிவுக் கருவி செய்யும் நிறுவனமே இசை உரிமையாளராகவும் இருந்தமையால், தன் கருவியின் திறனைத் தானே வரையறுத்துக்கொள்ளும் நிலை அதற்கு ஏற்பட்டது.

நெட்எம்டியும் ஹை-எம்டியும்

2001இல் வந்த நெட்எம்டி கருவிகள் யுஎஸ்பி வழியே கணினியோடு இணைந்தன. ஆனால் அவ்விணைப்பு கோப்புப் பரிமாற்றத்திற்கு உரியதன்று. சோனியின் மென்பொருள் பாடலைச் சுருக்கி, மறைகுறியாக்கம் செய்து, கருவிக்கு அனுப்பும். ஒரு பாடலை மூன்று முறைக்கு மேல் வெளியே அனுப்ப முடியாது என்னும் எண்ணிக்கை வரம்பும் தொடக்கத்தில் இருந்தது. அனைத்திற்கும் மேலாக, ஒலிவாங்கியால் பயனர் தாமே பதிந்த ஒலியைக் கூட வட்டிலிருந்து கணினிக்கு எடுக்க வழி தரப்படவில்லை. இசைத்துறையின் உரிமையைக் காக்க அமைந்த விதி, தம் குரலைத் தாமே பதிந்தவருக்கும் பொருத்தப்பட்டது. களஆய்வாளர் எதிர்கொள்ளும் தடையின் தோற்றுவாய் இதுவே.

2004இல் வெளிவந்த ஹை-எம்டியில் நிலை மாறியது. கணினியோடு இணைத்தவுடன் கருவி ஒரு கழற்றத்தக்க வட்டாகத் தோன்றியது. ஃபேட் கோப்பு முறைமையில் எந்தக் கோப்பையும் எழுதலாம். புதிய வட்டின் கொள்ளளவு 1 கிகாபைட். லேசர் புள்ளியைவிடச் சிறிய காந்தக் குறிகளையும், படிக்கும் கணத்தில் அவற்றின் எல்லைச் சுவரை நகர்த்திப் பெரிதாக்கிப் படிக்கும் நுட்பத்தால் இது இயன்றது. பழைய 80 நிமிட வட்டையும் புதிய முறையில் வடிவமைத்தால் அதில் 305 மெகாபைட் சேமிக்கலாம். அதாவது, பன்னிரண்டு ஆண்டுகள் தரவுக்கு மறுக்கப்பட்டிருந்த அதே இசை வட்டு இப்போது தரவு வட்டாயிற்று.

இங்கும் ஒரு சுவர் எஞ்சியது. தரவாக நகலெடுத்த பாடற்கோப்பை அக்கருவி இசைக்காது. அதற்குச் சோனியின் மென்பொருள் வழியாகவே பாடலை அனுப்ப வேண்டும். ஒரே வட்டில் தரவுக்கு ஓர் அறையும் இசைக்கு வேறோர் அறையும் இருந்தன. கருவியில் பதிந்த ஒலியைக் கணினிக்கு எடுக்கும் உரிமை முதலில் கடும் வரம்புகளோடு தரப்பட்டுப் பின்னர்த் தளர்த்தப்பட்டது. இதற்குள் 2001 அக்டோபரில் அறிமுகமான ஐபாட், 5 கிகாபைட் கொள்ளளவோடு, கணினிக் கோப்புகளையும் தாங்கும் இசைக் கருவியாகப் புகழ் பெற்றிருந்தது. யுஎஸ்பி நினைவகக் குச்சிகளும் பரவியிருந்தன. சோனி தன் கையடக்க மினிடிஸ்க் கருவிகளின் விற்பனையை 2011 செப்டம்பரிலும், எஞ்சிய மினிடிஸ்க் இசைப் பெட்டிகளை 2013 மார்ச்சிலும், பதிவுக்குரிய வெற்று வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியிலும் நிறுத்தியது.

களப்பணிப் பதிவுகளை மீட்டல்

பதிவுகளை மீட்க இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கருவியை இயக்கி, வெளிவரும் ஒலியை உரிய நேரம் முழுவதும் கணினியில் மறுபதிவு செய்தல். நிலைப்பெட்டி வகைக் கருவியில் ஒளியிழை வெளிவாயில் இருப்பின் எண்முறை நிலையிலேயே இதனைச் செய்யலாம். கையடக்கக் கருவிகள் பெரும்பாலானவற்றில் அவ்வாயில் இல்லை. இரண்டாவது, 2006இல் சோனி வெளியிட்ட எம்இசட்-ஆர்எச்1 என்னும் ஹை-எம்டி கருவியைப் பயன்படுத்துதல். பயனர் தாமே பதிந்த பழைய மினிடிஸ்க் ஒலியை யுஎஸ்பி வழியே நேரடியாகக் கணினிக்கு எடுக்க இக்கருவி இடமளிக்கிறது. மூன்றாவது, தன்னார்வ நிரலாளர்கள் நெட்எம்டி நெறிமுறையை ஆராய்ந்து உருவாக்கிய திறந்தமூல மென்பொருள்கள். சோனியின் சில நெட்எம்டி கருவிகளின் நிலைபொருளைத் தற்காலிகமாக மாற்றி, வட்டிலுள்ள அட்ராக் தரவை அப்படியே படிக்க இவற்றால் இயலும். பின்னிரு வழிகளிலும் அட்ராக் தரவு மாறாமல் கிடைக்கும். ஆதலின் அதனையும், அதிலிருந்து விரித்த சுருக்கமற்ற ஒலிக்கோப்பையும் சேர்த்தே பாதுகாப்பது முறையாகும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை மீண்டும் வேறொரு முறையில் சுருக்கினால் இழப்பு கூடும்.

வட்டின் பொருளடக்க அட்டவணை குறித்தும் ஆய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவும் வட்டில் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை இவ்வட்டவணையே காட்டுகிறது. ஒரு பதிவை அழிக்கும்போது அட்டவணைக் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. அதன்மேல் வேறொன்று பதியப்படும்வரை ஒலி வட்டிலேயே இருக்கும். ஆகவே தவறுதலாக அழிக்கப்பட்டதாகக் கருதப்படும் வட்டைத் தூக்கி எறிதல் கூடாது. மீட்புக்கு முன் உறையிலுள்ள எழுத்துத் தடுப்புத் தாழை நகர்த்தி வைப்பது நலம். நாள், நேரம் காட்டும் கடிகாரமுள்ள கருவியில் பதிந்திருப்பின், பதிவான காலமும் அட்டவணையில் இடம்பெற்றிருக்கும். களஆய்வுக்கு அது சிறந்த அகச்சான்று.

பெயர்களைப் பொறுத்தமட்டில் ஒரு குறை உண்டு. அட்டவணை ரோமன் எழுத்துகளையும் ஜப்பானிய எழுத்துகளையும் மட்டுமே ஏற்றது. தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. தமிழ்ப் பதிவாயின் தலைப்பு ரோமன் எழுத்தில் சுருக்கமாக இருக்கும். அல்லது வட்டின் உறைத்தாளில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எனவே ஒலியை எடுக்கும்போது உறைத்தாளையும் படமெடுத்து ஒலிக்கோப்போடு இணைத்து வைத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

மினிடிஸ்க்கின் காந்தப் படலம் தொடக்கம் முதலே எவ்வகைத் தரவையும் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தது. பிழைதிருத்தத்திற்கென ஒரு பகுதி இடத்தை விட்டுக்கொடுத்தால் போதுமென்பதை எம்டி டேட்டா 1993இலேயே மெய்ப்பித்தது. இசை வட்டில் கோப்பை எழுதத் தடையாயிருந்தவை சட்டமும் வணிக நலனும் வகுத்த விதிகளே. அவ்விதிகள் 2004இல் ஓரளவு தளர்ந்தபோது பயனர்கள் வேறு சாதனங்களுக்குச் சென்றுவிட்டனர்.

ஒலி ஆவணங்களைக் கையாளும் ஆய்வாளர்க்கு இவ்வரலாறு தரும் படிப்பினை தெளிவானது. பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஒலித்தரத்தையும் விலையையும் மட்டும் கருதுதல் போதாது. பதிந்ததைத் தடையின்றி, பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மினிடிஸ்க் வட்டுகளை வைத்திருப்போர், அவற்றைப் படிக்கும் கருவிகள் பழுதுபார்க்கத்தக்க நிலையில் கிடைக்கும் இக்காலத்திலேயே மீட்புப் பணியைத் தொடங்குதல் வேண்டும். வட்டு பல்லாண்டு நிலைக்கலாம். அதைப் படிக்கும் கருவி அவ்வளவு காலம் நிலைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.